வெற்றுக் குழாய்

ஆயுத பூஜை அன்று காலை, வடக்குப்பட்டு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் தசரதன் கருவிகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், போன வருசம் மாரியே கேஸ் சிலிண்டரெல்லாம் மூடிடவா? சூடம் கொளுத்தணுமே.”

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ரஞ்சனி தலையாட்டினாள். பிறகுதான் உறைத்தது.

போன வருடம் மூடச் சொன்னவள் அவள்தான். கம்பெனி ஆட்கள் எல்லோரும் அந்தச் சின்ன ஏசி அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். பூஜை போட்ட மெஷினை இன்றைக்குத் தொடக் கூடாது என்று தசரதன் சொல்லியும், பொரி கொடுத்து அனுப்பிய கையோடு அவள் வெற்றுக் குழாயை அளந்தாள். மூடிய நைட்ரஜன் சிலிண்டரைத் திறக்க மறந்திருந்தாள்.

கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியில் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பது அவர்கள் வேலை. பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு அந்த எண்கள் போகும். காற்றை அளக்கும் செயற்கைக்கோள்கள் அதை நம்பித்தான் கணக்குப் போடும். குழாயில் வாயுவோடு ஒரு முறை, வெறுமனே ஒரு முறை அளந்து ஒப்பிட வேண்டும். குழாய்க்கு வெளியே ஒளி போகும் வழியில் அறைக்காற்று நுழையாமல் நைட்ரஜன் ஓட வேண்டும். அன்று அந்த வழியில் அத்தனை பேர் விட்ட மூச்சு இருந்தது. வெற்றுக் குழாயே ஒளியை விழுங்கியதுபோல் பதிவாகி, அதைக் கழித்தபோது வாயு விழுங்கியது குறைவாகத் தெரிந்தது.

மற்றவர்கள் அளவோடு ஒத்துவரவில்லை என்று எண்கள் திரும்பி வந்தபோது, கணக்குப் போட்ட இசைவாணியைத்தான் ரஞ்சனி பிடித்தாள். கழித்தல் தெரியாதவர்களையெல்லாம் யார் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். இசைவாணியைக் கம்பெனியின் சென்சார் தயாரிப்பு லைனுக்கு மாற்றினார்கள்.

ரஞ்சனி வெற்றுக் குழாயின் பழைய பதிவைத் திறந்தாள். ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் சீப்புப் பல்போலக் கோடுகள். இதைக் காட்டத்தான் இசைவாணி அன்று வந்தாள். பார்க்காமலே கையை ஆட்டி அனுப்பியது ஞாபகம் வந்தது.

டீ இடைவேளையில் லைனுக்குப் போய் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. தரவுத்தளக்காரர்களுக்கு எழுதிவிடுவதாகவும், அவளை ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பக் கேட்பதாகவும் சொன்னாள்.

இசைவாணி கையுறையைக் கழற்றினாள்.

“இன்னாத்துக்கு மேடம் மெதுவா சொல்றீங்க? அன்னிக்கு நல்லா சத்தமாத்தானே சொன்னீங்க.”



மாலையில் அறை நிரம்பியது. தசரதன் தீப்பெட்டியை எடுத்தார். கொஞ்சம் பொறுக்கும்படி ரஞ்சனி சொன்னாள். இசைவாணி கதவோரம் நின்றிருந்தாள்.

ரஞ்சனி பேசத் தொடங்கினாள். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னாள்.