கத்திப் பெட்டியின் சாவி

இறந்தவனின் நெற்றியிலிருந்து இறங்கிய தாயின் கை, தாடையில் வந்து நின்றது. மருத்துவமனையில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடலைக் கூடத்து நீளப் பெஞ்சில் கிடத்தி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் மூன்று நாள் முடி கறுப்பும் வெளுப்புமாக முளைத்திருந்தது.

“இப்படியேவா அனுப்புறது?” என்றாள். “ஒரு நாளாவது சவரம் பண்ணாம பஸ் ஏறியிருக்கானா இவன்?”

மருமகள் அவன் காலடியில் அமர்ந்திருந்தாள். பேருந்து நடத்துனரான கணவனுக்குத் தினமும் விடியற்காலையில் முகம் மழித்துவிட்டவன் அவனுடைய தம்பி. கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். மூன்று நாள் முன்பு, மாலையில் குடித்துவிட்டு வந்து, போய்ப் படு என்று கையைப் பிடித்த அண்ணனை இரும்புப் படிக்கட்டின் உச்சியிலிருந்து தள்ளியவனும் அவனே. தள்ளிய கையாலேயே அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இவன் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று அண்ணியிடம் கேட்டவனும் அவனே.

வக்கீல் காலையிலேயே வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார். போதையில் செய்தான் என்பது சட்டத்தின் முன் சமாதானம் ஆகாது. தானாக விரும்பிக் குடித்தவன், தெளிந்த புத்தியோடு செய்தவனைப் போலவே பதில் சொல்லியாக வேண்டும். அவனுக்குத் தெரியாமல் எவரேனும் கலந்து கொடுத்து, செய்வது இன்னதென்று அறியாத நிலைக்கு அவன் போயிருந்தால் மட்டுமே விடுதலைக்கு வழி உண்டு. அன்று மாமியார் வெளியூரில் இருந்தாள். வீட்டிலிருந்த ஒரே சாட்சி அண்ணிதான்.

வக்கீல் படியிறங்கியதும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தன் உன் வாய்ல இருக்கான்.”

அந்த வாய் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சாவியும் உண்டு என்பதை மாமியார் அறியமாட்டாள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, குடித்த கையோடு சவரம் செய்து ஒருவர் காதைக் கிழித்துவிட்டு வந்தான் கொழுந்தன். அன்று அண்ணி, மாமியாருக்குத் தெரியாமல் ஓர் ஏற்பாடு செய்தாள்: கத்திகளைப் பெட்டியில் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்த பிறகுதான் அவன் பாட்டிலைத் தொட வேண்டும். ஒருமுறைகூட அவன் தவறவில்லை. அவன் நீட்டுவான், அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள், விடிந்ததும் அவிழ்த்துக் கொடுப்பாள். “சாவி வந்துடுச்சா? அப்ப இன்னைக்குக் கச்சேரிதான்” என்று கணவன் சிரிப்பான். கத்தியைப் பூட்டினார்கள். கையைப் பூட்ட யார் நினைத்தார்கள்? வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் ஆறு ஆண்டுகள் சாவி வாங்கியவள் அவள். கணவன் விழுந்த அன்றைக்கும் வாங்கினாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வாக்குமூலம் வாங்க வந்திருந்த விசாரணை அதிகாரி, அடக்கம் முடியட்டும் என்றுதான் சொன்னார். மருமகளின் மனம் மாறிவிடுமோ என்ற அச்சத்தில் மாமியார்தான் இப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்க கொழுந்தன் அன்னைக்குத் தானாக் குடிச்சாராம்மா?”

மருமகள் கணவனின் பாதங்களைப் பார்த்தாள்.

“இல்லீங்க. யாரோ ஜூஸ்ல கலந்து குடுத்துட்டாங்க. தம்பிக்குத் தெரியாது.”

பேனா ஓடியது. மாமியார் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சோடு அவளுக்கு உடம்பில் உயிர் வந்தது, செய்யவேண்டியவை நினைவுக்கு வந்தன. விறுவிறுவென்று கீழே கடைக்கு இறங்கிப் போனாள். ஒரு கையில் கத்திப் பெட்டியும் மறுகையில் கிண்ணம் நிறையத் தண்ணீருமாக ஏறி வந்தாள்.

“தம்பி கத்தியாலயே மழிச்சு அனுப்புவோம். பெட்டி பூட்டியிருக்கே, சாவி எங்கம்மா?”

ஆறு ஆண்டுப் பழக்கம் மருமகளைக் கேட்கவில்லை. விரல்கள் தாமாகவே முந்தானை முடிச்சை அவிழ்த்தன. சாவி உள்ளங்கையில் கிடந்தது.

“அவன் பெட்டிச் சாவி உன்கிட்ட எப்படி?” என்று மாமியார் கேட்டாள். வெறுமனேதான் கேட்டாள்.

பேனா நின்றது. இன்னொரு பொய் சொல்லலாம். அதற்கு வேண்டிய சொற்களும் இருந்தன. பெஞ்சில் கிடந்தவன் எப்போதும் போல, சாவி வந்துவிட்டதா என்று கேட்பதுபோல வாய் சற்றே திறந்து கிடந்தான்.

“தம்பி குடிக்கப் போறதுக்கு முன்னாடி குடுத்துட்டுத்தான் போகும், அத்தை.”

“அன்னைக்கும் குடுத்தாரா?” என்றார் அதிகாரி, மெல்ல.

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள், பெட்டியைத் திறந்தாள். கத்தி, துடைத்து மடித்த துணிக்குள் சுத்தமாக இருந்தது. பிரஷை நனைத்துச் சோப்பில் குழைத்தாள். அதிகாரி எழுதிய தாளைப் புரட்டிவிட்டுப் புதிய தாளில் எழுதத் தொடங்கினார்.

மருமகள் ஒரு கன்னத்தை மழித்துவிட்டுக் கத்தியைக் கழுவக் கை நீட்டினாள். மாமியார் கிண்ணத்தை அருகே கொண்டுவந்தாள். தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தாண்டித் தரையில் சிந்திக்கொண்டிருந்தது. மாமியார் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.