எதிர்வீட்டுக்கு வந்த கரண்ட்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை. ஊரில் எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. என் வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"என்னடா மாயம் இது?" என்று தம்பியைக் கேட்டேன். இந்த ஊரில் பாதி மாடிகளில் சோலார் மாட்டிய மேதாவி அவன்தான். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், வெளியே லைனில் கரண்ட் நின்றால் சோலாரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவன் சாகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஊருக்கு அது புரிந்தால்தானே! "தலைக்கு மேல இவ்வளவு வெயிலு, நாங்க வேர்த்து வழியணுமா?" என்று அவனைத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா. பேட்டரியில மிச்சமிருந்த கரண்ட்டைக் கொஞ்சம் நம்ம மாடி சோலாருக்குக் காட்டினேன். லைன் வந்துடுச்சுன்னு நம்பி ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"உன் மாமா தெருமுனையில கம்பத்துல நிக்கிறாருடா!"

என் கணவர் லைன்மேன். விடிந்ததும் கிளம்பிப் போனவர்.

"மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டுத்தான் செஞ்சேன். வீட்டைத் தாண்டி ஒரு சொட்டுகூடப் போகாது. நான் என்ன மடையனா?"

மடையன்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. போய்ப் பார்த்தேன். ஸ்விட்சின் கைப்பிடி கீழே இறங்கித்தான் இருந்தது. இருந்தும் மனசு கேட்கவில்லை.

அப்போது எதிர்வீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் வீட்டில் சோலாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது.

"உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா! அதுக்குள்ள கரண்ட் குடுத்துட்டாரே. எங்க வீட்டு ஃபேன் ஓடுது!"

தம்பி பக்கம் திரும்பினேன்.

"எப்படிடா அங்க போச்சு?"

"உப்புக்காத்துக்கா... ஸ்விட்ச் உள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும். கைப்பிடி மட்டும் இறங்கியிருக்கு. நம்ம கரண்ட் தெருக்கம்பிக்கே போயிடுச்சு."

"போய் அணைடா, பாவி!"

அவன் மாடிக்கு ஓடினான். நான் தெருவுக்கு ஓடினேன், காலில் செருப்புகூட இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் கம்பத்தில் ஏறுவார். "பியூஸ் என்கிட்ட இருக்கு, எவன் கரண்ட் போடுவான்?" என்பார். அந்த தைரியத்தில் கம்பியை வெறுங்கையால் பிடிப்பார். எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்! கேட்டால்தானே.

"ஏங்க! தொடாதீங்க! கம்பியைத் தொடாதீங்க!"

நீட்டிய கை அப்படியே நின்றது. கம்பிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

"ஏண்டி இப்படிக் கத்துற? ஊரே பார்க்குது."

இறங்கி வந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "அணைச்சிட்டேன் மாமா" என்றான். பளாரென்று ஓர் அறை விட்டேன்.

அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ள, இன்னும் எத்தனை வீட்டுல இப்படிச் செஞ்ச?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "கடற்கரைத் தெருவுல சோலார் வச்சிருக்கிற எல்லாருக்கும் காலையிலயே சொல்லிக் குடுத்துட்டேன். மெயினை அணைச்சிட்டுத்தான் போடணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் மாமா."

எங்கள் தெருவுக்கே உப்புக்காற்று இப்படியென்றால், அந்தத் தெரு கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

"அங்க கம்பத்துல என் கூட்டாளி ஏறியிருக்கான்டா" என்றார். போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். தெரு திரும்புவதற்கு முன்பே, அங்கிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"ஹேய்! கரண்ட் வந்துடுச்சு!"