கடைமடையின் நான்காவது வரைபடம்

பிகாஜான் கணினியில் மூன்று எதிர்காலங்களை வரைபடங்களாகக் கட்டியிருந்தாள். முதலாவதில் கோரெஸ்ம் பாலைவனச் சோலையின் வயல்கள் இப்போதுபோலவே பருத்தியும் கோதுமையும் நெல்லுமாகத் தொடர்ந்தன; இரண்டாவதில் நெல் குறைந்தது; மூன்றாவதில் உப்பேறிய கடைமடை நிலங்கள் சாகுபடியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அவற்றில் மரங்கள் நடப்பட்டன. நீரை அதிகம் மிச்சப்படுத்தியது மூன்றாவதுதான். மரம் நடவேண்டிய பகுதியாக அதில் சிவந்து கிடந்த இடத்துக்குள் அவளுடைய அண்ணன் மத்ரசுலின் குத்தகை வயலும் இருந்தது. மறுநாள் காலை நீர்ப்பாசன அதிகாரியின் முன் அதைத் திரையிட வேண்டும்.

அவளால் நாற்காலியில் தரிக்க முடியவில்லை. கணக்கை மீண்டும் ஓட்டினாள், சிவப்பு அசையவில்லை. அண்ணனின் வயலில் நிலத்தடி நீர் வேருக்கு மிக அருகில் நின்றது; அதே மண்ணுள்ள மேல்மடையிலோ ஆழத்தில் இருந்தது. காரணம் புலப்படாமல், வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனாள்.

வயலின் கீழ்ப்புற வடிகாலில் சேறும் நாணலும் ஒரு பழைய டயரும் திணித்து அணை போடப்பட்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"வாய்க்கால்ல தண்ணி வராதப்போ வேரு குடிக்கிறதுக்கு. இங்க எல்லாருந்தான் அடைச்சிருக்கோம்."

"உப்பு மேல ஏறுமே!"

"உப்பு மெதுவாத்தான் கொல்லும். ஜூலை வெயிலு ஒரே வாரத்துல கொன்னுடும். உன் பெட்டி என்ன சொல்லுது?"

"உன் வயல்ல மரம் நடச் சொல்லுது."

"நடட்டும். உன் அண்ணி இலையப் பறிச்சு புலாவ் கிண்டுவா."

அவள் சிரிக்கவில்லை. மத்ரசுலின் குரலும் தாழ்ந்தது.

"அடைச்சது நான்தான்னு அங்க சொல்லித் தொலைக்காத. குத்தகைய ரத்து பண்ணிடுவாங்க."

சொல்லாவிட்டால் நிலம் மரத்துக்குப் போகும். சொன்னால் அரசுக்குப் போகும். வீடு திரும்பியவள் நான்காவது வரைபடம் ஒன்றைக் கட்டினாள். அதில் வடிகால்கள் திறந்திருந்தன, கடைமடைக்கு முறைத்தண்ணீர் தவறாமல் வந்தது. சிவப்பு ஓர் ஓரக்கீற்றாகச் சுருங்கியது. ஆயினும் வடிகால்கள் இப்போது அடைபட்டிருப்பதைச் சொல்லாமல் அந்த வரைபடத்தை எவருக்கும் விளக்க இயலாது.

மறுநாள் கூடத்தில் விவசாயிகள் நிறைந்திருந்தார்கள். அதிகாரி சபர்பாய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மூணுதானேம்மா கேட்டோம். நாலாவது எதுக்கு?"

"மூணாவது தப்புங்க ஐயா. அந்த நிலம் செத்துப்போகல. வடிகால அடைச்சிருக்கிறதால தண்ணி இறங்க வழியில்ல."

"யார் அடைச்சது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைமடை முழுக்க அடைச்சிருக்காங்க. ஏன்னா தண்ணி அங்க போறதே இல்ல."

"பேரு கேட்டேன்."

பின்வரிசையில் நாற்காலி உரசியது. மத்ரசுல் எழுந்து நின்றான். தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

"என் பேர்ல ஆரம்பிங்க. முறைத்தண்ணி குடுங்க, நானே வெட்டி விடுறேன்."

"மொதல்ல வெட்டு. தண்ணி அப்புறம்."

"அப்புறம்ங்கிற வாய்க்கால்ல இதுவரைக்கும் தண்ணியே வந்ததில்லீங்க!" என்றது யாரோ ஒருவரின் குரல். கூடம் சிரித்தது, சபர்பாயும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அறுவடை வரைக்கும் உன் குத்தகையத் தொடமாட்டேன்," என்றார். "இன்னைக்கே வெட்டு. மதகுக்கு ஆள் அனுப்புறேன்."

"எழுதிக் குடுங்க ஐயா," என்றாள் பிகாஜான்.

"என் வாய்ச்சொல்லு போதாதா?"

அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

பிற்பகலில் மத்ரசுல் டயரைப் பிடுங்கி எறிந்தான்; பிறகு மண்வெட்டியால் சேற்றைக் கிழித்தான். தேங்கிய நீர் பழுப்பு நுரையோடு பாய்ந்து ஓடியது. அவன் அதைப் பாராமல் கரையேறி, வாய்க்காலைப் பார்த்து நின்றான். அதன் அடிமண் வெடித்துக் கிடந்தது.

"கடைசியாப் போட்டியே ஒரு படம், அதுல தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

பிகாஜான் வடக்கே கைகாட்டினாள். இருவரும் அந்தத் திசையையே பார்த்து நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் வடிகால் இரைச்சலோடு காலியாகிக்கொண்டிருந்தது.