பேசிக்கொண்டே மிதிப்பது

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று மாடி ஏறினாலே நாற்காலி தேடும் பத்திரப் பதிவாளர் அவர்கள், இன்றிலிருந்து பன்னிரண்டாவது வாரம், எங்கும் கால் ஊன்றாமல் மலைச் சைக்கிளில் வானிலை நிலையம் வரை ஏறுவார். அறிவிப்பு சாப்பாட்டு மேஜையில் வெளியானது. கேட்டவர் ஒருவர்: அவர் மனைவி.

காரணம் மலை உச்சியில் இருந்தது. அங்கே, அந்த வானிலை நிலையத்தில்தான் மகளுக்கு வேலை. போன தடவை பஸ்ஸில் போய், நிலையத்து வாசலின் நாற்பது படி ஏறி அவர் வாய் பிளந்து நின்றபோது, மகள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "இனிமே நீங்க ஏறவேண்டாம்பா. நானே கீழ வந்து பாத்துக்கறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.

மனைவியின் தம்பி சைக்கிள் கடைக்காரன். "பயிற்சி மூச்சுக்கு அத்தான், தொடைக்கு இல்ல. மெதுவா, ரெண்டு மணி நேரம் மிதிங்க. மிதிக்கும்போதே முழுசா பேச வரணும். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"தனியா யார்கிட்டடா பேசறது?"

"அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. அவ பேச்சு நின்னதா சரித்திரமே இல்ல."

கடையிலிருந்த பழைய மலைச் சைக்கிள் அக்காவுக்கு வந்தது. வாரம் நான்கு நாள் கிளம்பினார்கள். அவள் பல் வைத்தியரில் ஆரம்பித்து ஜன்னல் திரை வரை பேசிக்கொண்டே மிதித்தாள். பதிவாளருக்கோ மெதுவாகப் போவது கௌரவக் குறைச்சல். பால்காரர் முந்தினால் விரட்டுவார். நாய் முந்தினாலும் விரட்டுவார். அடுத்த திருப்பத்தில் நாக்குத் தள்ள நின்று, வந்து சேரும் மனைவியிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "தினமும் பரீட்சை எழுதறீங்களே அத்தான், படிக்கறது எப்ப?"

அந்த நாள் வந்தது. முதல் நான்கு வளைவுகளைப் பதிவாளர் சீறிக்கொண்டு கடந்தார். ஆறாவதில் மலை மூன்றாய்த் தெரிந்தது. ஏழாவதில் கால் அவரைக் கேட்காமலே இறங்கி ஊன்றிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து, மிகச் சின்ன கியரில், அவசரமே இல்லாமல் மனைவி வந்தாள்.

"என்னங்க, நிக்கட்டுமா?"

போ என்று சொல்லக்கூட மூச்சில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப அந்தத் திரை நீலமே இருக்கட்டும். பச்சை எடுத்தா ரூம் இருட்டிடும்..." குரல் எட்டாவது வளைவுக்குப் பின்னால் போய், அதற்கும் மேலே போனது. பன்னிரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

உச்சியில் மகள் அம்மாவுக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தாள். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.