சத்தம் போடாத டப்பா

ஐந்தாவது டப்பா இன்றைக்கும் காலி. புஷ்பவல்லி அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு புளியங்கொட்டைகூட விழவில்லை.

2003-ஆம் வருடம் அது. உடையார்பாளையம் பக்கத்து ஊர்களில் அடுத்து எந்த நோயை ஆராய்வது என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் அந்த ஊர்ப் பெண்களையே கேட்டார்கள். ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஐந்து தகர டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு நோயின் படம். எது அதிகம் வாட்டுகிறதோ அதில் அதிகம் போட வேண்டும். ஐந்தாவது, கர்ப்பப்பை இறக்கத்துக்கு. அந்தக் குழுவில் வேலை பார்த்த புஷ்பவல்லி முன்பு வீடு வீடாகக் கேட்டபோது முப்பது பேரில் பதினோரு பேர் அதைத்தான் காதோடு சொன்னார்கள்.

அதில் ஒருத்தி அவளுடைய அக்கா கிருஷ்ணம்மாள். மகள் சிந்துவைச் செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்து நாலு வருடம். பஸ் குலுக்கலில் உட்கார முடியாமல் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. போய்வந்தவர்களிடம், மகள் வீட்டு வாசலிலிருந்து மலைக்கோயில் எப்படித் தெரிகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்பாள்.

"எனக்கும் தெரியும்மா. ஆனா டப்பால விழாதத நான் எப்படி முன்னாடி வெக்கிறது? வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிடும்" என்றார் குழுவின் தலைவர் டாக்டர் அருள்முருகன்.

முதல் நாள் எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். ஊரில் எல்லோரையும் வாயில் போட்டு மெல்லும் ரத்தினம்மாள் காய்ச்சலில் போட, மற்றவர்களும் அதிலேயே போட்டார்கள். அதனால்தான் இன்று கதவைச் சாத்தி ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்பினாள். அப்படியும் காலி.

"ஏன்க்கா, நீகூடவா போடல? உள்ள யாருமே இல்லியே!"

கிருஷ்ணம்மாள் சிரித்தாள். "நீ படிச்ச லட்சணம் இதானா? பாக்கலடி, கேக்குதே! அஞ்சாவது டப்பா சன்னலோரத்துல தனியா இருக்கு, போட்டா 'டங்'குங்குது. வெளிய ரத்தினம்மா காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அப்ப நீ எதுல போட்ட?"

"காய்ச்சல்லதான். எனக்குக் காய்ச்சல் வந்தே ஆறு வருசமாச்சு!"

சிரிப்பு நின்றதும் மெல்லச் சொன்னாள்: "எத்தன வருசம் ஆராய்ஞ்சாலும் சரி. ஒரு வேள சிந்து வூட்டுல உக்காந்து சோறு திங்கணும்டி."

புஷ்பவல்லி டப்பாக்களில் கொட்டை போட்டுப் பார்த்தாள். காலி டப்பாதான் அதிகம் ஒலித்தது. கொட்டை நிறைய நிறைய ஒலி மங்கியது. முதலில் போடுகிறவள்தான் மாட்டிக்கொள்வாள். அதனால் யாரும் முதல் ஆளாகவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போடச் சொன்னாள். ஐந்தாவதில் நூற்று நாற்பத்திரண்டு கொட்டை. லிஸ்டில் அதுவே முதலாவதாகப் போனது. அவள் செய்தது இவ்வளவுதான்: டப்பாக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் அடியில் பழைய சேலைத்துணியை நான்காக மடித்துப் போட்டாள். கொட்டை விழுவது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.