பத்தாயிரத்து ஏழு பேர்

1

வாசகப் பெருமக்களே, விளக்கை அணைக்குமுன் ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள். ஏழு பேரைக் காணோம். அவர்கள் இருந்ததே இல்லை என்கிறார்கள்.

இந்தக் கதை ஒரு மேடைக்காகப் பிறந்தது. மக்களைப் பிரிக்க முடியாது என்று முழங்க எனக்கொரு பேரெண் தேவைப்பட்டது. பத்தாயிரத்து ஏழைத் தேர்ந்தேன். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடாது. அத்தனை பேரையும் ஓர் ஆடை ஆலையின் முற்றத்தில் நிறுத்தினேன். அங்கேதான் வந்தது வினை.

2

ஆலைக்குப் புதிய மேலாளர் வந்தார். காலை வரிசை நூறு நூறாக நிற்கவேண்டும் என்றார். நூறு வரிசைகள் நிறைந்தன. ஏழு பேர் மிஞ்சினர். ஏழாமவள், அங்கே காலர் தைக்கும் ஒருத்தியின் தங்கை. கதை அந்த அக்காவுடையது. மிஞ்சியவர்களைப் பழைய கொதிகலன் கூடத்துக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அந்த எழுவரும்—

(இவ்வாக்கியத்தை முடிக்க இயலவில்லை. எழுதி எழுதி அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் உள்ளிருந்து யாரோ எண்ணும் குரல் கேட்கிறது. ஏழோடு நின்றுவிடுகிறது.)

3

மாலையில் அக்கா, வரிசையை எண்ணும் கண்காணியை மறித்தாள். (அவனைக் கொடியவனாக வரைந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு; அச்சமும் உண்டு.)

“எந்தத் தங்கச்சிம்மா? இங்க எப்பவும் பத்தாயிரம்* பேர்தான்.”

“தட்டுல மிச்சம் வெக்காதேம்பாங்க, அண்ணே. நீங்க ஆளையே மிச்சம்னு தள்ளிட்டீங்க.”

கொதிகலன் கூடத்தின் சாவி யாரிடம் என்று கேட்டாள். அப்படியொரு கதவே இல்லை என்றான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

* பத்தாயிரம் பணிவான எண். இரண்டாக, நான்காக, ஐந்தாக, எட்டாக வெட்டினாலும் துளி சிந்தாது. மேலாளர்களுக்கு அதன்மேல் ஆசை வருவதில் வியப்பென்ன?

4

மறுநாள் நூறு வரிசைகளும் நின்றன. கண்காணி எண்ணினான்: பத்தாயிரத்து ஏழு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் எண்ணினான். அதே எண். கூடுதலாக ஒருவரும் கண்ணில் படவில்லை. அக்கா மட்டும் இடப்பக்கம் ஓராள் நிற்குமளவு இடம் விட்டிருந்தாள். அந்த வெற்றிடத்தின் காலடியில் நிழல் விழுந்திருந்தது.

5

கதவு திறந்து தங்கை வெளியே வருவதாக ஒரு முடிவு எழுதினேன். அக்கா மனமொடிந்து வேலையை விட்டுவிடுவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்தாயிற்று. முதலாவது பொய், இரண்டாவது மேலாளருக்குப் பிடித்தமானது.

ஆகவே பேனாவை வைத்துவிட்டு நானே அந்த முற்றத்துக்குப் போகிறேன். ஆனால் நான் ஒருவன் சேர்ந்தால் பத்தாயிரத்து எட்டு; இரண்டாலும் பிளக்கலாம், மூன்றாலும் பிளக்கலாம். நீங்களும் வந்தால் பத்தாயிரத்து ஒன்பது. வகுத்துப் பாருங்கள்: அதுவும் பகா எண்.

ஆலைச் சங்கு ஊதப்போகிறது. எழுந்து வாருங்கள். அக்காவின் பக்கத்தில் நில்லுங்கள். அந்த வெற்றிடத்தில் அல்ல, அதற்கு அடுத்து. நின்றதும், முற்றம் அதிரக் கேளுங்கள்: சாவி எங்கே?