கொம்போவின் இரண்டு கிளட்ச் பிளேட்டுகள்

கொம்போவின் லாரி வெள்ளைக் கணவாயில் ஏற முடியாமல் உறுமும்போதெல்லாம், அடிவாரத்து ஊரில் கைப்பிடி வைத்த சாமான் எதுவானாலும் தானாகச் சுற்றியது. முதலில் கண்டவள் விதவை டாரி. கறவை பெருகியிருந்த ஜூன் மாதம் அது. பாலாடை பிரிக்கும் கை இயந்திரத்தில் பாலை ஊற்றிவிட்டு அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போனவள் திரும்பி வந்தபோது, கைப்பிடி தன்பாட்டுக்குச் சுழல, ஒரு குழாயில் ஆடையும் மறு குழாயில் நீர்த்த பாலுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன புருஷன்தான் சுற்றுகிறான் என்று நினைத்தாள். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் அதைத் தொட்டதே இல்லை என்பது ஞாபகம் வரவும், காரணம் வேறு என்று தெளிந்தாள். சில நாளில் தையல்காரரின் இயந்திரமும் மடத்தின் ஜபச் சக்கரங்களும் சேர்ந்துகொண்டன. கம்பளி விலை ஏறினால் எப்படியோ, ஊர் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது: யார் ஏற்றினார் என்று விசாரிப்பதில்லை, ஏறியிருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள்வதுதான்.

லாபமில்லாதவன் கொம்போ ஒருவன்தான். மகள் செவெல்மாவைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. புதுத் தம்பதி குடியிருக்கும் கம்பளிக் கூடார வீடு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அதற்குள் வைக்கும் கட்டில், ஆரஞ்சு வண்ணப் பெட்டிகள், கண்ணாடி எல்லாம் பெண் வீட்டார் கொண்டுபோய் இறக்க வேண்டும். லாமா நாள் குறித்துவிட்டார். அதை விட்டால் பனி விழுந்து பாதை அடைந்துவிடும், பிறகு வசந்தம்தான். வண்டியோ பாதி மலை வரை ஒழுங்காகப் போகும்; செங்குத்து ஆரம்பித்ததும் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், சக்கரம் மட்டும் காதில் விழாதது போல நிற்கும். கம்பளி ஏற்றிக்கொண்டு போனவன் பின்புறமாகவே இறங்கி வந்ததை மலையே பார்த்தது. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கிராஸ் இணைப்பு போய்விட்டது என்றான் மச்சான். பின் அச்சின் ஹவுசிங்கில் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றார் தபால்காரர். சம்பந்தி ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "வண்டி ஏறலைன்னா கூச்சப்படாம சொல்லுங்க, ஒட்டகம் அனுப்புறேன்."

மறுநாளே கொம்போ, மெக்கானிக் ஹோர்லோவின் கொட்டகைக்கு வண்டியை விட்டான். கூட்டுறவுப் பண்ணையைக் கலைத்துப் பங்கு பிரித்தபோது மற்றவர்கள் ஆடு கேட்டார்கள். ஹோர்லோ மட்டும், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் கராஜ் பள்ளத்தைக் கேட்டு வாங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த ஆடுகளில் பாதி, ரிப்பேர் கூலியாக அவள் பட்டிக்கே வந்து சேர்ந்தன. கொம்போவிடமும் முதலில் ஆட்டைப் பேசி முடித்துவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்கினாள். ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள், ஆட்டமே இல்லை.

"கிராஸ் கல்லு மாதிரி இருக்கு. உன் மச்சான் வாயைத்தான் கொஞ்சம் டைட் பண்ணணும்."

நியூட்ரலில் வைத்துக் கேட்டாள், பெடலை மிதிக்கச் சொல்லிக் கேட்டாள். எந்த பேரிங்கும் அழவில்லை. பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். தபால்காரர் சொன்னதும் பொய். வண்டியை இறக்கிக் கல் முட்டுக் கொடுத்தாள்.

"ஹேண்ட் பிரேக்கை இழு. நாலாவது கியர் போடு. ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கிட்டே கிளட்ச்சை மெதுவா விடு."

கிளட்ச் சரியாக இருந்தால் எஞ்சின் திணறி அந்த இடத்திலேயே அணைய வேண்டும். அணையவில்லை, ஜாலியாக ஓடியது. தெருவில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓட, தையல்காரர் "விடாதே விடாதே, கை மட்டும்தான் பாக்கி!" என்று கத்துவது கேட்டது.

"எஞ்சின் கொடுக்குறது கியர் பாக்ஸுக்குப் போய்ச் சேரல. நடுவுல யாரோ திங்கிறாங்க," என்றாள் ஹோர்லோ.

"யாரு, அக்கா?"

"ஊருதான். வசந்தத்துல புது கிளட்ச் பிளேட் போட்டியே, யார் மாட்டுனது?"

"நானேதான்."

"மாட்டுறதுக்கு முன்னாடி என்ன பண்ணே?"

கொம்போ தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "புதுசாச்சேக்கா. மங்கலம் பண்ணேன்."

புது வீடு, புதுச் சேணம், புதிதாகப் பிறந்த குட்டி, எதுவானாலும் வெண்ணெய் தொட்டு வாழ்த்தாமல் அந்தப் பக்கத்தில் யாரும் புழங்குவதில்லை. கொம்போ கஞ்சன் இல்லை. மனைவி வாழ்த்துப் பாட, பிளேட்டின் இரண்டு பக்கமும் பூசியிருந்தான்.

"பானெட்டுல பூசலாம், ஸ்டீரிங்குல பூசலாம். உராய்ஞ்சு பிடிக்க வேண்டிய இடத்துலயாடா பூசுவே?"

"மத்ததுக்குப் பண்ணிட்டு அதை விட்டா, அது மனசு சங்கடப்படாதா?"

"கருகுற வாசனையாவது வந்துச்சா?"

"வந்துச்சு. நல்ல சகுனம்னு நெனச்சேன்."

சேதி பரவி, பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வாழ்த்திப் பூசிய வெண்ணெய் வழியாகத்தான் வண்டியின் வலு ஊருக்கு வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை நிறுத்தலாமா என்பதுதான் தகராறு. இலையுதிர் காலம் முடியட்டும் என்றார் தையல்காரர். கைப்பிடி சுற்றினால் வலிக்கும் என் தோள்பட்டையை யார் பார்ப்பது என்றாள் டாரி. ஆளுக்கொரு குடம் புளித்த குதிரைப்பால் தருகிறோம் என்று பேரம் ஏறியது. வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த செவெல்மா குறுக்கே பேசினாள்.

"நான் ஒட்டகத்துலயே போறேன். ஆனா மாமனார் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாரு."

அந்த மாமனாரின் வாயை எல்லோரும் அறிவார்கள். கூட்டம் அடங்கியது. "அந்தாள் கிட்டயா பொண்ணை மாட்டி விடுறது?" என்று டாரியே ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

பிளேட்டின் உராயும் நாருக்குள் ஊறிய வெண்ணெய் கழுவிப் போகாது. வேறு புது பிளேட்டை எடுத்த ஹோர்லோ, கடைசி போல்ட்டை முடுக்கும் வரை யாரையும் அதன் பக்கத்தில் விடவில்லை. மனைவியோடு வெண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி நின்ற கொம்போவை பானெட்டுக்குத் துரத்தினாள். அவர்கள் பூசிய பூச்சில் முன்கண்ணாடியே மங்கிப்போனது. கழற்றிய பிளேட்டைக் கம்பளியில் சுற்றி, ஆட்டுக் கூலிக்குக் கொசுறு என்று அவனிடமே கொடுத்தாள்.

குறித்த நாளில், பெட்டிகளுக்கு மேல் சொந்தபந்தம் மொத்தமும் ஏறிக்கொள்ள, லாரி இரண்டாவது கியரில் மூச்சு வாங்காமல் ஏறியது. உச்சியில் வழிப்போக்கர் வணங்கும் கற்குவியலுக்கு மரியாதையாக மூன்று முறை ஹாரன் அடித்தான் கொம்போ. அங்கே சம்பந்தி, சிவப்புக் கயிறு கட்டிய ஒட்டகத்தோடு முன்கூட்டியே வந்து காத்திருந்தார்.

"என்ன சம்பந்தி, ஒட்டகத்துக்கு இறங்கத் தெம்பில்லையா? வண்டியில ஏத்திக்கவா?" என்றான் கொம்போ.

அதைக் கணவாயின் இரண்டு பக்கமும் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். சம்பந்தியும் சிரிக்கிறார், சற்றுத் தாமதமாக.

அதன்பின், பனி விழுந்து பாதை அடைந்ததும் கொம்போ உலர்ந்த பிளேட்டைக் கழற்றிவிட்டு வெண்ணெய் பிளேட்டை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்குக் குளிர்காலக் கம்பளியைப் போர்த்துவது போல. புத்தாண்டான வெண்மாதப் பண்டிகை நெருங்கும்போது, வீடு வீடாக முறை வைத்து பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அவன் வாசலில் முட்டுக் கொடுத்து, நாலாவது கியரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பான். ஊர் முழுக்க அரவை இயந்திரங்களின் கைப்பிடி சுற்றி, கொழுக்கட்டைக்கு இறைச்சி அரைபடும். கணவாய்க்கு அந்தப் பக்கம் செவெல்மாவின் வீட்டிலும் அரைபடுவதாகத் தகவல்.

இந்த வருஷம் டாரி வாசலுக்கு வந்து, இறைச்சி கொஞ்சம் திப்பிதிப்பியாக விழுகிறது என்று குறைப்பட்டாள். கொம்போ தேநீரைக் கீழே வைக்காமலே ஆக்சிலேட்டரைச் சற்றுக் கூட்டினான்.